மீட்ட பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 46. நல்ல வேலையில் இருக்கிறேன். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை நெடுநாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பங்குகளில்தான் தொடங்கினேன். சில நல்ல கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருந்ததில் ஓரளவு லாபம் வந்தது. பிறகு கமாடிட்டி பக்கம் போனேன்: வெள்ளி, கச்சா எண்ணெய், தங்கம். அங்கிருந்து ஃபாரெக்ஸ், அதாவது அந்நிய நாணய வர்த்தகம். யென், பவுண்டு, யூரோ என்று ராத்திரி முழுக்க ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. படித்தேன், சார்ட் பார்க்கக் கற்றுக்கொண்டேன், ஒவ்வொரு டிரேடையும் நோட்டில் எழுதி வைத்தேன். இதை ஒருநாளும் சூதாட்டமாக நினைத்ததில்லை.

அந்த நோட்டைப் புரட்டினால் எனக்கே புரியாத ஒன்று தெரிகிறது. பத்துக்கு ஏழு டிரேட் லாபத்தில்தான் முடிந்திருக்கிறது. மொத்தக் கணக்கோ பெரிய நஷ்டத்தில் நிற்கிறது. கொஞ்சம் லாபம் தெரிந்ததுமே எங்கே போய்விடுமோ என்று டிரேடை மூடி லாபத்தை புக் பண்ணிவிடுகிறேன். நஷ்டத்தில் போனால், குறிப்பிட்ட விலை வந்ததும் டிரேடைத் தானாக மூடச் சொல்லி வைத்த ஸ்டாப் லாஸை நகர்த்துகிறேன், சில சமயம் எடுத்தே விடுகிறேன். மூடினால்தானே நஷ்டம், அதுவரை அது வெறும் எண்தானே என்று மனம் சமாதானம் சொல்கிறது.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது தங்கத்தில். இறங்கும் என்று கணித்து ஷார்ட் போனேன், அதாவது முதலில் விற்றுவிட்டுப் பிறகு குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று. ஏறியது. ஏற ஏற இன்னும் ஷார்ட் சேர்த்து, விற்ற சராசரி விலையை உயர்த்தி ஆவரேஜ் பண்ணினேன். டிரேடைத் திறந்து வைக்கத் தரகரிடம் இருக்க வேண்டிய மார்ஜின் பணம் போதவில்லை என்று மெசேஜ் வரும்போதெல்லாம் பணம் போட்டேன். முதலில் என் சேமிப்பு, அப்புறம் அந்த நல்ல பங்குகளை விற்ற பணம், கடைசியாக மகளின் மேற்படிப்புக்கென்று நானும் மனைவியும் சேர்த்து வைத்த பணம். இன்று வேறு யாராவது என்னிடம் வந்து கேட்டால், இந்த விலையில் தங்கத்தை ஷார்ட் பண்ணாதே என்றுதான் சொல்வேன். என் பொசிஷனை, திறந்து கிடக்கும் இந்த டிரேடை மட்டும் மூட முடியவில்லை.

மனைவிக்கு எதுவும் தெரியாது. "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆபீஸில் நெருக்கடி என்கிறேன். பணத்தை மீட்ட பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன். போட்ட முதல் திரும்பி வந்த அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். மகளுக்குப் பணம் கட்ட இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.

சனி, ஞாயிறுதான் தாங்க முடியவில்லை. சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை எந்த விலையில் திறக்குமோ என்று நெஞ்சு அடைக்கிறது. சில ராத்திரிகளில், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது.

என் கேள்வி இதுதான்: உணர்ச்சிவசப்படாமல் டிரேட் செய்ய மனதை எப்படிப் பழக்குவது? ஸ்டாப் லாஸைத் தொடாமல் இருக்கப் பயிற்சி ஏதாவது இருக்கிறதா? தியானம் உதவுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் அப்படி நகர முடியாது. அந்த எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் அதை ஒரு மனநல மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள். அது விருப்பமாகவோ திட்டமாகவோ மாறத் தொடங்கினால் விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கடன் நெருக்கடியில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். விஷயம் வெளியே தெரிந்த பிறகு பலருக்கு அது தணிவதையும் பார்த்திருக்கிறேன். பணம் திரும்பி வராதபோதும் தணிந்தது.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். பத்துக்கு ஏழு ஜெயித்தும் கணக்கு ஏன் நஷ்டத்தில் நிற்கிறது என்பதற்கு உங்கள் அறிவிலோ சார்ட்டிலோ விடை தேட வேண்டாம். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி உண்டு. உறுதியாக 3,000 கிடைக்கும். அல்லது 4,000 கிடைக்க 80 சதவீத வாய்ப்பு, ஒன்றும் கிடைக்காமல் போக 20 சதவீத வாய்ப்பு. எது வேண்டும்? 80 சதவீதம் பேர் உறுதியான 3,000-ஐ எடுத்துக்கொண்டார்கள். அதே கேள்வியை நஷ்டமாக மாற்றிக் கேட்டார்கள். உறுதியாக 3,000 போகும். அல்லது 4,000 போக 80 சதவீத வாய்ப்பு, எதுவும் போகாமல் தப்பிக்க 20 சதவீத வாய்ப்பு. இப்போது 92 சதவீதம் பேர் சூதாட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரியாகக் கணக்குப் பார்த்தால் அதில் போவது 3,200. உறுதியான நஷ்டத்தைவிட அதிகம். ஆனாலும் அந்த 20 சதவீதத்தை விட மனம் வரவில்லை.

உங்கள் நோட்டில் இருப்பது இதேதான். லாபம் வந்தால் உறுதியைப் பிடித்துக்கொள்கிறீர்கள், நஷ்டம் வந்தால் தப்பிக்கும் வாய்ப்பைப் பிடித்துக்கொள்கிறீர்கள். ஏழு சின்ன லாபங்களை மூன்று பெரிய நஷ்டங்கள் விழுங்கிவிடுகின்றன. முதலீட்டாளர்களின் இந்தப் பழக்கத்தை ஷெஃப்ரின், ஸ்டாட்மன் இருவரும் 1985-லேயே எழுதிவிட்டார்கள். 1998-இல் டெரன்ஸ் ஓடியன் ஒரு அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார். கையில் லாபத்தில் இருந்த பங்குகளை விற்ற வேகம், நஷ்டத்தில் இருந்தவற்றை விற்ற வேகத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அவசரப்பட்டு விற்ற பங்குகள், விடாமல் வைத்திருந்த பங்குகளைவிட அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஏறியிருந்தன. ஆகவே இதை உங்கள் தனிப்பட்ட பலவீனம் என்று நினைத்துக் குமைய வேண்டாம். சாதாரண மனித மனம் இப்படித்தான் ஓடுகிறது.

பங்கை முழுப் பணம் கொடுத்து வாங்கி வைத்திருப்பவருக்கு இந்தப் பழக்கத்தால் இழப்பு உண்டு, ஆனால் அது மெல்ல நடக்கும். லெவரேஜ் வைத்து, அதாவது கையில் உள்ள பணத்தைப் போலப் பல மடங்கு மதிப்புக்கு, கமாடிட்டியும் கரன்சியும் செய்பவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. நூறு மடங்கு லெவரேஜில் விலை ஒரே ஒரு சதவீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் போட்ட மார்ஜின் காலி. ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் பத்திரம் என்பதும் எப்போதும் உண்மையில்லை. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் தான் பிடித்து வைத்திருந்த வரம்பைத் திடீரென்று கைவிட்டது. ஸ்டாப் லாஸ் வைத்திருந்த பலருக்கு அந்த விலையில் எதிரே ஆளே இல்லை. கணக்கு சுழியத்துக்குக் கீழே போய், தரகருக்கே கடன்பட்டார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. சுழியத்துக்குக் கீழே எப்படிப் போகும் என்று நம்பி வாங்கியவர்களும் அன்று இருந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை திறக்கும் விலையை நினைத்து உங்களுக்கு நெஞ்சு அடைக்கிறதே, அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைத் தியானத்தால் அடக்குவதைவிட, அது சொல்வதைக் கேட்பது நல்லது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது தங்கமில்லை. "மீட்ட பிறகு சொல்லலாம்" என்ற வாக்கியம்தான். அது பொறுப்பான வார்த்தை போலத்தான் இருக்கிறது. அது உங்கள் டிரேடிங்கை என்ன செய்கிறது என்று பாருங்கள். மனைவியிடம் சொல்ல ஒரு தொகை வேண்டும், மகளின் கட்டணத்துக்கு முன் வேண்டும். அதாவது சந்தையிடம் ஒரு இலக்கையும் ஒரு கெடுவையும் கொடுத்துவிட்டீர்கள். சந்தைக்கு இரண்டுமே தெரியாது. பாதிப் பணம் போன கணக்கில் மிச்சம் இருமடங்கானால்தான் முதல் திரும்பும். அதைச் சில மாதத்தில் செய்ய வேண்டுமென்றால் பெரிய லாட் போட்டே ஆக வேண்டும், ஸ்டாப் லாஸை எடுத்தே ஆக வேண்டும், சும்மா இருக்க வேண்டிய நாளிலும் டிரேட் எடுத்தே ஆக வேண்டும். மனக்கட்டுப்பாடு வரவில்லை என்று வருந்துகிறீர்கள். ரகசியம் இருக்கும்வரை எவ்வளவு கட்டுப்பாடுள்ள ஆளும் இப்படித்தான் டிரேட் செய்வார்.

பொசிஷனை மூடினால்தான் நஷ்டம், மனைவியிடம் சொன்னால்தான் இதுவரை சொன்னது பொய் என்றாகும். இரண்டையும் ஒரே காரணத்துக்காகத்தான் திறந்து வைத்திருக்கிறீர்கள். கவனமாகப் படித்து, நோட்டு எழுதி, குடும்பத்துக்காக உழைத்த ஒரு மனிதராக உங்களை நீங்கள் அறிவீர்கள். மூடிய கணத்தில் அந்த மனிதர் இல்லாமல் போய்விடுவார் என்று பயப்படுகிறீர்கள். அவர் போக மாட்டார். இந்தக் கடிதத்தை எழுதியதே அவர்தான்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் மனைவியிடம் சொல்லுங்கள்.

சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. இங்கே பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பாதியைச் சொல்லாதீர்கள். பத்துப் போயிருந்தால் நாலு என்று சொல்வது அந்த நேரத்துக்குக் கருணையாகத் தோன்றும். மூன்று வாரம் கழித்து மிச்சம் வெளியே வரும்போது, பணத்தைவிடப் பெரியதாக ஒன்று உடையும். கணக்கின் ஸ்டேட்மென்ட் முழுவதையும், யாரிடமாவது கைமாற்று வாங்கியிருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். சந்தை மூடியிருக்கும் சனிக்கிழமை காலை அதற்கு நல்ல நேரம், போன் பக்கத்தில் இருக்கக் கூடாது. "போன பணம் எல்லாவற்றையும் மீட்டுவிடுவேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், அது உங்களை மீண்டும் அதே இடத்துக்குத் தள்ளும். அவர் கோபப்படுவார், அழுவார், ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பார். அன்றே மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள். மகளின் படிப்புக்கு என்ன வழி, கல்விக் கடனா, ஒரு வருடம் தள்ளிப்போடுவதா என்பதை இருவரும் சேர்ந்து யோசிப்பது உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும். மகளுக்கும் வயதுக்கேற்பத் தெரிய வேண்டும். அவளுடைய பணமும் அதில் இருக்கிறது.

தங்கம் ஏறுமா இறங்குமா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: இன்று யாராவது கேட்டால் ஷார்ட் பண்ணாதே என்பேன் என்று. இரவு அந்தப் பொசிஷனைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப்போகும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி எடுத்ததாகத்தான் அர்த்தம். மனைவியிடம் சொன்ன பிறகு, அவர் பக்கத்தில் இருக்கும்போது மூடுங்கள். அதுவரை மார்ஜினுக்கு ஒரு காசுகூடப் போடாதீர்கள்.

சூதாட்டமாக நினைத்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களை எந்தப் பெயரிலும் அழைக்க நான் அவசரப்படவில்லை. ஆனால் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கையேடு, சூதாட்டக் கோளாறை மது, போதைப் பழக்கங்களின் அத்தியாயத்திலேயே சேர்த்தது. அதன் அறிகுறிகளில் சிலவற்றைச் சொல்கிறேன்: விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போவது, எந்நேரமும் அதே நினைப்பாக இருப்பது, ஈடுபாட்டை மறைக்கப் பொய் சொல்வது, நிறுத்த முயன்று முடியாமல் போவது. மொத்தம் ஒன்பது. ஒரு வருடத்துக்குள் நான்கு இருந்தாலே கோளாறு என்று கொள்ளலாம். சீட்டாட்டமா டிரேடிங்கா என்பதை மூளை பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. இதற்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. நான் முதலில் சொன்ன மருத்துவரிடமே இதையும் கேளுங்கள். தியானம் தூக்கத்துக்கு உதவலாம், செய்யுங்கள். டிரேட் செய்வதற்காகச் செய்யாதீர்கள்.

மறுபடி சந்தைக்கு வரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று தெரியும். லெவரேஜ் உள்ள எதற்கும், கரன்சியோ கமாடிட்டியோ, திரும்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018-இல் லெவரேஜ் வரம்புகளைக் கொண்டுவந்தபோது, சிஎஃப்டி (பொருளை வாங்காமல் அதன் விலை மாற்றத்தின் மீது மட்டும் செய்யும் ஒப்பந்தம்) கணக்கு வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களில் 74 முதல் 89 சதவீதம் பேர் நஷ்டத்தில் இருப்பதைச் சொல்லித்தான் கொண்டுவந்தது. முழுப் பணம் கொடுத்துப் பங்கு வாங்கி வைத்திருப்பது உங்களுக்கு ஒருகாலத்தில் நன்றாகவே வந்தது. சிகிச்சை தரும் மருத்துவர் சரி என்றால், மனைவி ஒப்புக்கொண்டால், மாதாமாதம் ஸ்டேட்மென்ட் இருவர் மின்னஞ்சலுக்கும் வரும் ஏற்பாடு செய்துகொண்டு அதை மட்டும் செய்யலாம். ஆப் போனில் இருக்க வேண்டாம்.

சனிக்கிழமைக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.