மைதானத்தில் தூஷணம்: எந்தச் சொல் வழக்காகும்?

கேள்வி: இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக் கழகம் ஒன்றின் பருவகால அட்டை வைத்திருக்கிறேன். 11 வயது மகளும் என்னோடு வருவாள். எங்கள் பின்வரிசையில் நான்கைந்து பேர், ஆட்டம் தொடங்கினால் முடியும்வரை தூஷணம்தான். ஸ்டூவார்டிடம் (மைதானத்தில் ஒழுங்கைப் பார்க்கும் பணியாளர்) இரண்டு தடவை சொன்னேன். "பார்க்கிறேன்" என்றதோடு சரி. சென்ற வாரம் எதிரணியின் கறுப்பின வீரர் ஒருவர் பந்தைத் தொடும்போதெல்லாம் குரங்குச் சத்தம் போட்டார்கள். நிறுத்தச் சொன்னேன். அவர்களில் ஒருவர் தூஷணத்தோடு, "வெளிநாட்டுக்காரா, உன் நாட்டுக்கே திரும்பிப் போ" என்றார். ஆத்திரத்தில் நானும் ஒரு தூஷணச் சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டேன். ஸ்டூவார்ட் இருவரின் இருக்கை இலக்கத்தையும் குறித்துக்கொண்டார். இப்போது 14 நாட்களுக்குள் விளக்கம் தரும்படி கழகத்திலிருந்து எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. நான் பொலிஸில் முறைப்பாடு செய்யலாமா? எனக்கு என்ன நடக்கும்? மகனின் ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் ஆட்டங்களில் பெற்றோர் கத்துவதற்கும் இதே சட்டமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கவேண்டிய ஒன்று இல்லை: அந்தத் தூஷணச் சொற்கள். வாய் கூசி மூடி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எழுதும்போது பரவாயில்லை. பொலிஸுக்கோ கழகத்துக்கோ இப்படி எழுதினால் முறைப்பாடு அந்த இடத்திலேயே படுத்துவிடும். என்ன சொல், யாரை நோக்கி, எத்தனை தடவை, யாருக்குக் கேட்க என்ற நான்கையும் வைத்துத்தான் அது குற்றமா, கழக விதி மீறலா, அல்லது சகித்துப் போகவேண்டிய அசிங்கமா என்று முடிவாகும்.

தூஷணம் பேசுவது மட்டும் இங்கே குற்றமில்லை. கேட்கும்போது பலருக்குக் கோபம் வரும், ஆனால் நிலைமை அதுதான். 1986 ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம், 5ஆம் பிரிவின்படி, சொன்னது அச்சுறுத்தலாகவோ வசையாகவோ இருக்கவேண்டும். அதைக் கேட்கக்கூடிய ஒருவருக்குத் தொந்தரவு, பீதி அல்லது மனவேதனை ஏற்படக்கூடிய நிலை இருக்கவேண்டும். முன்னர் "அவமதிக்கும்" சொற்களும் இந்தப் பிரிவுக்குள் வந்தன. 2014 பெப்ரவரியிலிருந்து அந்தச் சொல் நீக்கப்பட்டுவிட்டது. பொலிஸாரின் முன்னால் ஒருவர் தூஷணம் சொன்ன வழக்கில், இந்தச் சொல்லைத் தினமும் கேட்பவர்களுக்கு அது மனவேதனை தந்தது என்று தானாக ஊகிக்க முடியாது, சான்று வேண்டும் என்று 2011 இல் உயர் நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. கோல் தவறியதற்கு வானத்தைப் பார்த்துத் திட்டுகிறவர்மேல் வழக்கு நிற்காததற்குக் காரணம் இதுதான்.

உங்கள் மகள் அங்கே இருப்பது கணக்கை மாற்றுகிறது. 11 வயதுப் பிள்ளைக்கு மனவேதனை வரக்கூடும் என்று காட்டுவது பொலிஸ்காரருக்கு வரக்கூடும் என்று காட்டுவதைவிடச் சுலபம். இன்னொன்றும் தேவை: தான் சொல்வது வசையாக இருக்கக்கூடும் என்பதைச் சொல்பவர் அறிந்திருக்கவேண்டும். ஆகவே ஸ்டூவார்ட் அவர்களிடம் போய், "முன்வரிசையில் ஒரு பிள்ளை இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் பெரிய உதவி. அதற்குப் பிறகும் தொடர்ந்தால், தெரியாமல் பேசினேன் என்று சாதிப்பது கடினம். "பார்க்கிறேன்" என்ற ஸ்டூவார்டிடம் இனிக் கேட்கவேண்டியது, "தயவுசெய்து அவர்களிடம் நேரில் சொல்லிவிட்டு, உங்கள் பதிவில் நேரத்தைக் குறியுங்கள்" என்பதுதான்.

இனம் சம்பந்தப்படாத வசைக்கும் தண்டனை வரும். 2023 எஃப்.ஏ. (இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம்) கிண்ண இறுதியாட்டத்தில், 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலால் இறந்த 97 பேரை ஏளனம் செய்யும் வாசகம் பொறித்த சட்டை அணிந்துவந்தவர் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி 1,000 பவுண் தண்டம் கட்டினார். 4 ஆண்டுகள் மைதானப் பக்கம் போகமுடியாத தடையும் கிடைத்தது. 5ஆம் பிரிவுக்கு 1,000 பவுண்தான் உச்சத் தண்டம். உண்மையில் வலிப்பது தடைதான். அதைப் பற்றிக் கீழே.

குரங்குச் சத்தத்துக்கு வருவோம். இதுதான் உங்கள் கடிதத்தின் மிகப் பலமான பகுதி. 1991 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டக் குற்றங்கள் சட்டம், 3ஆம் பிரிவு, ஆபாசமான அல்லது இனவெறி சார்ந்த கோஷம் எழுப்புவதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. கோஷம் என்றால் சொல்லோ சத்தமோ திரும்பத் திரும்ப எழுப்புவது. முதலில் பலர் சேர்ந்து எழுப்பினால்தான் குற்றம் என்றிருந்தது. 1999 இல் திருத்தி, தனியொருவர் எழுப்பினாலும் போதும் என்றாக்கினார்கள். ஆட்டம் தொடங்க 2 மணித்தியாலம் முன்னிருந்து, முடிந்து 1 மணித்தியாலம்வரை இது பொருந்தும். அந்த வீரருக்குக் கேட்டதா, யாராவது வேதனைப்பட்டார்களா என்று நிறுவத் தேவையில்லை. நிறுவவேண்டியது "திரும்பத் திரும்ப" என்பதை. "குரங்குச் சத்தம் போட்டார்" என்றால் ஒரு தடவையாகவும் இருக்கலாம். "22ஆம் நிமிடம் மூன்று தடவை, 31ஆம் நிமிடம் மறுபடி" என்றால் அது கோஷம்.

நகைச்சுவைக்குத்தானே பாடினோம் என்பது இதற்கு மறுப்பாகாது. போர்ட் வேல் அணியின் ஆதரவாளர் ஒருவர், ஓல்டம் அணியினரைப் பார்த்து, "பாக்கிகள் (பாகிஸ்தானியரை இழிக்கும் சொல்) நிறைந்த ஊர்தானே நீங்கள்" என்ற பாட்டில் சேர்ந்து பாடினார். கீழ் நீதிமன்றம் அதை வெறும் கேலிப்பாட்டென்று விட்டுவிட்டது. 2003 இல் உயர் நீதிமன்றம், அது இனவெறிக் கோஷம்தான் என்று தீர்ப்பைத் திருப்பியது. ஆனால் இந்தப் பிரிவின் "இனவெறி" என்பதற்குள் நிறம், இனம், தேசியம், பூர்வீகம் ஆகியவைதான் அடங்கும். மதம், பாலினம், பாலியல் நாட்டம் பற்றிய கோஷங்களைப் பெரும்பாலும் பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ்த்தான் கொண்டுபோகவேண்டும்.

அடுத்தது உங்களுக்குச் சொன்ன வார்த்தை. "அவர் தமிழன் என்றோ ஆசியன் என்றோ சொல்லவில்லையே" என்ற தயக்கம் வேண்டாம். மின்ஸ்கூட்டரில் வந்த ஒருவர் மூன்று ஸ்பானியப் பெண்களை "வெளிநாட்டவர்கள்" என்று வசைபாடி, சொந்த நாட்டுக்குப் போகச் சொன்ன வழக்கில், அதுவும் இனப்பகைதான் என்று 2007 இல், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்தது. உங்களிடம் சொன்னதும் ஏறக்குறைய அதே வாக்கியம். எனவே இது 1998 ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டம், 31ஆம் பிரிவின் கீழ், இனப்பகையால் கடுமையாக்கப்பட்ட பொது ஒழுங்குக் குற்றமாகும். 5ஆம் பிரிவின் வடிவில் போனால் தண்டம் 2,500 பவுண் வரை. உங்களை வேதனைப்படுத்தும் நோக்கத்தோடு சொன்னார், நீங்களும் வேதனைப்பட்டீர்கள் என்று நிறுவினால் 1986 சட்டத்தின் 4ஏ பிரிவின் வடிவம். அப்போது உச்சம் 2 ஆண்டு சிறை. ஆகவே வாக்குமூலத்தில் உங்கள் மனநிலையையும் எழுதுங்கள்: மகள் அழுதாளா, இடைவேளையிலேயே வீடு திரும்பினீர்களா, அடுத்த ஆட்டத்துக்குப் போகவில்லையா.

குற்றத்தீர்ப்பு வந்தால், 1989 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டப் பார்வையாளர் சட்டத்தின்படி மைதானத் தடையும் வரும். 2022 திருத்தத்துக்குப் பிறகு, நியாயமற்றதாகிவிடும் என்று காட்டும் விசேட காரணம் இல்லாவிட்டால் நீதிமன்றம் தடை விதித்தே ஆகவேண்டும். சிறை இல்லாத வழக்குகளில் அது குறைந்தது 3, கூடியது 5 ஆண்டுகள். 5 நாட்களுக்குள் பொலிஸ் நிலையத்தில் ஆஜராகவேண்டும். வெளிநாட்டு ஆட்டங்களின்போது கடவுச்சீட்டைக் கொடுத்துவைக்கவேண்டி வரலாம். மீறினால் 6 மாதம்வரை சிறை.

இனி எழுதும் முறை. ஆங்கிலத்தில், காதில் விழுந்த சொல்லை விழுந்தபடியே, நட்சத்திரக் குறி போடாமல் எழுதுங்கள். உருவம் இப்படி இருக்கட்டும்:

"நான் வரிசை 14, இருக்கை 86 இல் இருந்தேன். மகள் 87 இல். பி.ப. 3.22 அளவில், எதிரணியின் 7ஆம் இலக்க வீரர் பந்தைப் பெற்றபோது, எனக்கு நேர் பின்னால் வரிசை 15 இல் இருந்தவர், சாம்பல் தொப்பி, குறுந்தாடி, ஏறத்தாழ 40 வயது, 'ஊ, ஊ, ஊ' என்று மூன்று தடவை சத்தமிட்டார். அவரது வாயை நேரில் பார்த்தேன். இடைவெளி ஒரு மீற்றர்."

கடைசி இரண்டு வாக்கியங்களும் முக்கியம். மைதானத்தில் பின்னாலிருந்து வரும் குரல் யாருடையது என்பதில்தான் வழக்குகள் உடைகின்றன. திரும்பிப் பார்க்கும்முன் கேட்டது எது, பார்த்தபின் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். "இனவெறியோடு பேசினார்" என்பது உங்கள் முடிவு; அது நீதவானின் வேலை. பக்கத்து இருக்கைக்காரரும் சாட்சி என்றால் அவர் தனியாக எழுதட்டும். இருவரும் ஒரே வசனத்தில் எழுதினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் கொண்டாட்டம். மகளிடம் நீங்களே கேள்வி கேட்டு எழுதி வாங்காதீர்கள். பிள்ளைகளிடம் சாட்சியம் எடுக்கப் பொலிஸாருக்குத் தனி நடைமுறை உண்டு.

அடுத்து அவசரம். சிசிரிவி பதிவுகளைக் கழகங்கள் வழக்கமாக ஏறத்தாழ ஒரு மாதமே வைத்திருக்கும். இன்றே கழகத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, திகதி, பகுதி, வரிசை, நேரம் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். பொலிஸுக்கு 101 இலோ (அவசரமற்ற அழைப்பு இலக்கம்) இணையத்திலோ முறைப்பாடு செய்து இலக்கத்தைப் பெற்று, அதையும் அந்த மின்னஞ்சலில் போடுங்கள். 1991 சட்டக் குற்றத்துக்கும் 5ஆம் பிரிவுக்கும், அதன் இனப்பகை வடிவத்துக்கும், சம்பவத்திலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குத் தொடங்கவேண்டும். நான்காம் மாதத்தில் போய்ச் சொன்னால் விசாரணைக்கே நேரமிருக்காது. வழக்குத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தால், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் மீளாய்வு கோரலாம். உதைபந்தாட்டத்தில் பாகுபாட்டை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பிலும் பதியலாம். பொலிஸ் முறைப்பாட்டுக்கு அது மேலதிகம், மாற்று இல்லை.

இன்னொரு தடவை நடந்தால் ஆட்டம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். பல கழகங்களில் இதற்கென்றே குறுஞ்செய்தி இலக்கம் உண்டு. பகுதி, வரிசை, இருக்கை என்று அனுப்பினால் கட்டுப்பாட்டறை கமெராவை அந்த வரிசைக்குத் திருப்பும். வாய் அசைவது படத்தில் விழுந்தால்தான் பலன். இருக்கையை வாங்கியவர் பெயர் மட்டும் சான்றாகாது. நண்பர்கள் இடம் மாறி உட்காருவது சர்வ சாதாரணம். கைத்தொலைபேசியில் சில வினாடிகள் பதிவுசெய்து பொலிஸுக்குக் கொடுக்கலாம். வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போடாதீர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் காணொளியிலிருந்தே ஆளை அடையாளம் காட்டினார்கள் என்ற வாதம் வரும்.

குற்ற அளவை எட்டாத தொடர் தூஷணத்துக்குக் கழகமே வழி. நுழைவுச்சீட்டு ஓர் ஒப்பந்தம். மைதான விதிகள் ஆபாசமான, வசையான பேச்சைத் தடைசெய்கின்றன. அதற்கு மனவேதனை நிறுவத் தேவையில்லை, வெளியேற்றலாம், அட்டையை நிறுத்தலாம்.

அதே விதி உங்களுக்கும் பொருந்தும். கழகக் கடிதத்துக்குத் தொலைபேசியில் பதில் சொல்லவேண்டாம், எழுதுங்கள். சொன்னதை மறுக்காதீர்கள், படம் இருக்கலாம். என்ன சொல், ஒரு தடவை, அதற்கு முன் உங்களிடம் சொல்லப்பட்டது என்ன, முன்பு ஸ்டூவார்டிடம் இரண்டு தடவை முறையிட்ட திகதிகள் எவை என்று வரிசையாக வையுங்கள். ஸ்டூவார்டின் அறிக்கையின் பிரதியும் மேன்முறையீட்டு நடைமுறையும் கேளுங்கள். சீண்டியதால் சொன்னேன் என்பது முழு மறுப்பாகாது. ஆனால் இனவசைக்குப் பதிலாக வந்த ஒற்றைச் சொல்லுக்காக வழக்குத் தொடர்வது பொதுநலன் என்று சொல்வது கடினம். ஒரு கேள்வி மட்டும்: உங்கள் பதிலில் "வெள்ளை" என்ற சொல் இருந்ததா? இருந்தால் 31ஆம் பிரிவு உங்கள் பக்கமும் திரும்பும். அப்படியானால் கழகத்துக்கு எழுதும்முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். பொலிஸ் உங்களை விசாரணைக்கு அழைத்தால் இலவசச் சட்டத்தரணி உரிமை. "சின்ன விடயம், எச்சரிக்கையோடு முடிப்போம்" என்று எதையாவது நீட்டினால், சட்டத்தரணியிடம் கேட்காமல் கையொப்பம் வேண்டாம். கழகம் அட்டையை நிறுத்தினால் உள் மேன்முறையீடு, பிறகு லீக், பிறகு சுயாதீன உதைபந்தாட்டக் குறைகேள் அதிகாரி. விசாரணை முடியும்வரை உங்களையும் மகளையும் வேறு பகுதிக்கு மாற்றும்படி இந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு 1991 சட்டம் வராது. அது குறித்துரைக்கப்பட்ட தொழில்முறை ஆட்டங்களுக்கானது. 5ஆம் பிரிவு பூங்காவிலும் பொருந்தும். ஆனால் அங்கே விரைவாக வேலை செய்வது எஃப்.ஏ. விதிகள்தான். பார்வையாளரின் நடத்தைக்குக் கழகமே பொறுப்பு. 14 வயதிலேயே ஒருவர் மத்தியஸ்தராகலாம் என்பதால், பெற்றோர் திட்டும் மத்தியஸ்தரும் சில வேளைகளில் ஒரு பிள்ளையே. ஆட்டத்தை நிறுத்தவும் கைவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் உங்கள் கழகத்தின் நலன் அதிகாரிக்கும், தீராவிட்டால் கவுண்டி எஃப்.ஏ.க்கும் (உங்கள் மாவட்டத்து உதைபந்தாட்டச் சங்கம்) எழுதுங்கள். கத்தியவரின் பெயர் தெரியாவிட்டால் அவருடைய பிள்ளையின் சட்டை இலக்கத்தைக் குறியுங்கள். பதிவேட்டில் கழகம் கண்டுபிடித்துக்கொள்ளும்.