வாட்ஸ்அப் குழு ஏன் தூங்கிவிட்டது?

கேள்வி: ஐந்து கிளைகள் உள்ள தனியார் மருத்துவமனைக் குழுமத்தில் நர்சிங் சூப்பரின்டென்டென்டாக இருக்கிறேன். எல்லா ஐ.சி.யு.க்களிலும் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்த நாளத்தில் செருகும் குழாய்) வழியாக வரும் ரத்தத் தொற்று அவ்வப்போது தலைகாட்டுகிறது. ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளட்டும் என்று ஐந்து கிளை சிஸ்டர்களையும் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். மாதம் ஒரு ஆன்லைன் வகுப்பும் எடுத்தோம். ஆறு மாதத்தில் குழுவில் காலை வணக்கப் படங்கள்தான் மிச்சம். வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே தவறினோம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: காலை வணக்கப் படம் வருகிறதென்றால் அவர்களுக்குப் பேச விருப்பம் இருக்கிறது, பேசத்தான் விஷயம் இல்லை. லைனைத் தொடும் முன் கை சுத்தம் செய்ய வேண்டும் என்பது எந்த ஐ.சி.யு. சிஸ்டருக்குத் தெரியாது? இரவு இரண்டு மணிக்கு, இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவரே பார்க்கும்போது அதை விடாமல் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கான வழியை உங்கள் ஐந்து கிளைகளில் எங்கோ ஒருவர் கண்டுபிடித்து வைத்திருப்பார். வகுப்பு எடுத்தால் அவர் வாய் திறக்க மாட்டார்.

அமெரிக்காவில் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களின் இதய சிகிச்சைக் குழுக்கள் 1987இல் ஒன்றாகச் சேர்ந்தன. 1990, 91இல் அங்கிருந்த 23 அறுவை மருத்துவர்களும் மூன்று காரியங்கள் செய்தார்கள். தங்கள் சொந்த இறப்புக் கணக்கை வாங்கிப் பார்த்தார்கள், தர மேம்பாட்டுப் பயிற்சி எடுத்தார்கள், ஒருவர் மருத்துவமனைக்கு மற்றவர் போய் வேலை நடப்பதை நின்று கவனித்தார்கள். பைபாஸ் இறப்பு எதிர்பார்த்ததைவிட 24 சதவீதம் குறைந்தது. கணக்கிட்டால் 74 உயிர்கள். என்னைக் கேட்டால், மூன்றில் கடைசிக் காரியம்தான் பெரியது. போய்ப் பார்த்தால்தான் ‘ஓ, இதை நீங்கள் இப்படிச் செய்கிறீர்களா’ என்ற பேச்சே வருகிறது.

உங்கள் பிரச்சினைக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். அங்கே 103 ஐ.சி.யு.க்கள் சேர்ந்து, கை சுத்தம், லைன் போடும்போது கவுன், கையுறை, முகக்கவசத்தோடு நோயாளியையும் கிருமி நீக்கிய துணியால் முழுக்க மூடுவது, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, தொடைப்பகுதி லைனைத் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை உடனே எடுப்பது என்ற ஐந்தைப் பிடித்துக்கொண்டன. ஆயிரம் லைன் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்) 2.7 என்றிருந்த தொற்றின் நடுமதிப்பு மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. இதே முயற்சி 2009இல் இங்கிலாந்துக்குப் போனது. அங்கும் தொற்று குறைந்தது, ஆனால் நாடு முழுக்க ஏற்கெனவே குறைந்துகொண்டுதான் இருந்தது; திட்டத்தால் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஆராய்ந்த மேரி டிக்சன்-வுட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு கவனித்தது இது: இங்கிலாந்தில் பலர் அதை மேலிடத்து உத்தரவாகப் பார்த்தார்கள். மிச்சிகன்காரர்களுக்கு அது தங்கள் காரியமாக இருந்தது.

சரி, நீங்கள் எங்கிருந்து தொடங்குவது? எல்லோரையும் சேர்க்காதீர்கள். கிளைக்கு இரண்டு சிஸ்டர்கள், ஒரு டாக்டர், மொத்தம் பதினைந்து பேர் போதும். எதைத் தொற்று என்று எண்ணுவது, லைன் நாளை யார் எத்தனை மணிக்கு எண்ணுவது என்று முதலில் சண்டை வரும். வரட்டும், இரண்டு கூட்டம் அதிலேயே போனாலும் நஷ்டமில்லை. அப்புறம், எண்ணிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு ஐ.சி.யு.வில் தினமும் ஆறு பேருக்கு லைன் இருந்தால் மாதத்துக்கு 180 லைன் நாள்தான். ஒரே ஒரு தொற்று வந்தால் ஆயிரத்துக்கு 5.6 என்று காட்டும், வராவிட்டால் பூஜ்யம். இதை வைத்துக் கிளைகளுக்கு ரேங்க் போட்டால் அது லாட்டரி. ‘கடைசித் தொற்று வந்து இத்தனை நாள்’ என்று ஒவ்வொரு ஐ.சி.யு.வும் தன் சுவரில் எழுதி வைக்கட்டும்.

கூட்டம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம், டியூட்டி கணக்கில். ஓய்வு நாளில் வைத்தால் இரண்டாவது கூட்டத்திலேயே ஆள் குறையும். பாடம் வேண்டாம், ஒரு கிளை தன்னிடம் வந்த ஒரு தொற்றின் கதையை லைன் போட்ட நிமிடத்திலிருந்து சொல்லட்டும். நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய எக்கோ திட்டம் இப்படித்தான் நோயாளியின் கதையைப் பேசிப் பேசியே கிராமத்து மருத்துவர்களை ஹெபடைடிஸ் சி சிகிச்சைக்குப் பழக்கியது. அவர்களிடம் கிடைத்த குணம் பல்கலைக்கழக கிளினிக்கில் கிடைத்ததற்கு இணையாக இருந்தது என்று 2011இல் ஆய்வு வெளியானது. மாதம் ஒரு சிஸ்டர் வேறு கிளைக்குப் போய் ஒரு முழு ஷிஃப்ட் கூடவே நிற்கட்டும். அந்தப் பயணச் செலவை நிர்வாகம் தர வேண்டும்.

ஒரு மருத்துவமனையில் இப்படியொரு குழுவை அமைக்க உதவினேன். இரண்டாவது கூட்டத்தில் ஒரு இளம் சிஸ்டர், அவசரத்தில் ஹப்பை (லைனில் மருந்து ஏற்றும் வாயை) துடைக்காமல் ஊசி போட்டதை மனம் விட்டுச் சொன்னார். மறுநாள் அவருக்கு மெமோ. அடுத்த மாதம் எல்லா வார்டிலும் தொற்று பூஜ்யம்! குறைந்தது கணக்கு மட்டும்தான். கூட்டத்தில் பேசியது எதுவும் மெமோவாகவோ இன்க்ரிமென்ட் பேச்சாகவோ மாறாது என்று நிர்வாகத்திடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அதே காரணத்துக்காக, கோபித்துக்கொள்ளாதீர்கள், தலைமை நாற்காலியில் நீங்கள் உட்கார வேண்டாம். மதிப்பீட்டு அறிக்கை எழுதும் கை உங்களுடையது. ஐந்து கிளை இன்சார்ஜ் சிஸ்டர்களும் முறை வைத்து நடத்தட்டும். முதல் கூட்டத்துக்கு மட்டும் போய், உங்கள் சர்வீஸில் நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டாம், பூப்படங்கள் வந்துகொண்டே இருக்கட்டும். வேலைக்கு அந்தப் பதினைந்து பேரை மட்டும் வைத்துப் புதிதாக ஒன்று திறங்கள். நோயாளியின் பெயர், படம், கேஸ் ஷீட் எதுவும் அதில் ஏறக்கூடாது.