மொட்டை மாடியில் மடக்கி வைத்த கம்பியை நிமிர்த்தலாமா?

தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தரைத்தளம் முடிந்து பதினான்கு மாதம் ஆகிறதாம். மேல்மாடிக்கு என்று விட்டு வைத்த தூண் கம்பிகள் குழந்தைகளைக் குத்திவிடும் என்று மேஸ்திரி அப்போதே பைப்பைச் செருகி எல்லாவற்றையும் தளத்தோடு மடக்கிவிட்டார். இப்போது நிமிர்த்தியதில் 16 எம்எம் கம்பி ஒன்று மடக்கிய இடத்திலேயே டப்பென்று ஒடிந்துவிட்டது. கம்பி மட்டம் என்கிறார் மேஸ்திரி, மேஸ்திரிக்கு வேலை தெரியவில்லை என்கிறார் கடைக்காரர். மிச்சத்தை கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தலாமா என்பது கேள்வி.

வேண்டாம். சூடாக்கியும் வேண்டாம், சூடாக்காமலும் வேண்டாம்.

இரும்பை வளைக்கும்போது உள்ளே அணுக்களின் வரிசை கணக்கில்லாத இடங்களில் பிசகுகிறது, அந்தப் பிசகுகள் நகர்ந்து கொடுப்பதால்தான் கம்பி ஒடியாமல் வளைகிறது. வளைத்து அப்படியே விட்டுவிட்டால் இரும்பில் கரைந்திருக்கும் கார்பனும், அதைவிட முக்கியமாக நைட்ரஜனும், மெல்ல ஊர்ந்து வந்து அந்தப் பிசகுகளில் உட்கார்ந்துகொள்கின்றன. 1949இல் காட்ரெல், பில்பி என்ற இருவர் இதைத் தெளிவாக விளக்கிவிட்டார்கள். ஸ்ட்ரெயின் ஏஜிங் என்று பெயர், அதாவது வளைத்த கம்பிக்கு வயதாவது. வயதான கம்பி முன்பைவிடக் கெட்டியாக இருக்கும், ஆனால் இழுத்தால் நீளாது, திருப்பி வளைத்தால் இடம் கொடுக்காது. சூடு கூடினால் இது வேகமாக நடக்கும். உங்கள் கம்பி ஒரு முழு கோடையை மொட்டை மாடியில் கழித்திருக்கிறது.

இதற்கென்றே ஐஎஸ் 1786இல் (கட்டடக் கம்பிக்கான இந்தியத் தர விதி) ரீபெண்ட், அதாவது திருப்பி வளைத்துப் பார்ப்பது, என்று ஒரு சோதனை இருக்கிறது. கம்பியை 45 டிகிரி வளைத்து, கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் போட்டு (மாதக்கணக்கில் வெளியே கிடந்தால் ஆகும் வயதை அங்கேயே வரவழைக்கிறார்கள்), ஆறிய பிறகு பாதி தூரம், அதாவது 22.5 டிகிரி மட்டும் திருப்புவார்கள். அதுவும் 10 எம்எம்முக்கு மேற்பட்ட கம்பி என்றால் அதன் தடிமனைப் போல ஆறேழு மடங்கு விட்டமுள்ள உருளையைச் சுற்றித்தான். உங்கள் மேஸ்திரி வளைத்தது 90 டிகிரி, கான்கிரீட் விளிம்பிலேயே, உருளையும் கிடையாது ஒன்றும் கிடையாது. இப்போது திருப்பியதும் முழு 90. பாஸான கம்பிகூட இதைத் தாங்கும் என்று எந்த விதியும் வாக்குக் கொடுக்கவில்லை. இன்ஜினியர் ஒப்புதல் இல்லாமல் இந்தக் கம்பியைத் திருப்பி வளைக்கவோ நிமிர்த்தவோ கூடாது என்று கான்கிரீட் வேலைக்கான விதியான ஐஎஸ் 456 சொல்கிறது. அதை எந்தச் சைட்டில் யார் படிக்கிறார்கள்?

கடைகளில் காட்டும் வித்தை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விற்பனைப் பிரதிநிதி உங்கள் கண் முன்னால் கம்பியை வளைப்பார், நிமிர்த்துவார், மறுபடி வளைப்பார், “பாருங்க சார், எங்க கம்பி உடையவே உடையாது” என்பார். அரை நிமிடத்தில் எந்தக் கம்பிக்கு வயதாகும்? அடுத்த முறை யாராவது இதைச் செய்தால், வளைத்த துண்டை வாங்கி அரை மணி வெந்நீரில் கொதிக்கவிட்டுத் திரும்பிக் கொண்டுவந்து நிமிர்த்தச் சொல்லுங்கள். கம்பியோடு வரும் சர்டிபிகேட்டிலும் ரீபெண்ட் என்ற இடத்தில் “திருப்தி” என்று ஒரே வார்த்தை இருக்கும், ஹீட் நம்பரை (எந்த உருக்கிலிருந்து வந்த கம்பி என்று சொல்லும் எண்) பார்த்தால் உங்கள் கம்பிக் கட்டிலே தொங்கும் டேக்கோடு பல நேரம் பொருந்தாது. நான் பார்த்த ஒரு சைட்டில் ஒரே ஜெராக்ஸ் மூன்று லோடுக்கு வந்திருந்தது. இன்னும் மோசம், இடித்த கட்டடத்துக் கம்பியை நிமிர்த்திக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துத் தருவது. அது ஏற்கெனவே வளைந்து, வயதாகி, நிமிர்ந்த கம்பி. கமிஷன் வாங்குகிற மேஸ்திரி அதைச் சொல்ல மாட்டார்.

கேஸ் விஷயம். சூடாக்கும்போது நீலம் பாய்கிறதே, சுமார் 200 முதல் 300 டிகிரி, இரும்பு வளைந்து கொடுக்காமல் ஒடியக்கூடிய சூடே அதுதான். அதைத் தாண்டிச் சிவக்கவிட்டால் வேறு வினை: டிஎம்டி கம்பியின் பலம் தண்ணீர் அடித்துக் கெட்டியாக்கிய மேல்தோலில் இருக்கிறது, அது போய்விடும்.

இதைப் படித்துவிட்டு, தூண், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கையெல்லாம் தூக்கிப் போடாதீர்கள். ரிங், கொக்கி, பீம் முனையில் எல் வடிவில் மடக்குவது எல்லாமே வளைத்தவைதான், அவற்றுக்கும் வயதாகிறதுதான், ஆனால் அவற்றை யாரும் திருப்பி நிமிர்த்துவதில்லை, சரியான உருளையில் ஒரே தடவை வளைத்து அப்படியே கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் அந்தக் கெட்டித்தன்மையால் கேடு இல்லை. போன மாதம் ஒருவர் முந்நூறு ரிங்கை ஒதுக்கி வைத்துவிட்டு எனக்கு போன் செய்தார். வேண்டாம் ஐயா, அது நல்ல ரிங். அளவு தவறிப்போய் பிரித்து மறுபடி வளைத்த ரிங் மட்டும் ஆகாது.

சரி, உங்கள் தூண்கள். ஏற்கெனவே நிமிர்த்தியவற்றை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வளைவின் உள்பக்கம், கம்பியின் மேல் புடைத்திருக்கும் வரிகளின் அடியில் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். வெடிப்பு தெரியவில்லை என்றாலும் அதை நம்பி மாடி ஏற்றாதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நேரில் வரவழையுங்கள், போட்டோ அனுப்பிக் கேட்காதீர்கள். தூணை உடைத்து உள்ளே நேராக இருக்கும் கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்ப்பதா, இல்லை துளையிட்டு கெமிக்கல் ஆங்கரில் (துளைக்குள் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் ரசாயனப் பசை) புதுக் கம்பி இறக்குவதா என்பதை அவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். வளைவிலேயே வெல்டு அடித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் அனுப்பிவிடுங்கள். கடைக்காரரோடு சண்டை போடத்தான் வேண்டும் என்றால், வளைக்காமல் மிச்சமிருக்கும் துண்டை லேபுக்குக் கொடுத்து ரீபெண்ட் என்று எழுத்தில் கேளுங்கள், கேட்காவிட்டால் இழுத்துப் பார்த்து ரிப்போர்ட் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம், மேல்தளம் முடித்து அதற்கும் மேலே கம்பி விடுவீர்கள் அல்லவா, அதை நேராகவே விட்டு, சிமெண்ட் பால் தடவி, மேலே பிவிசி பைப்பைக் கவிழ்த்து வையுங்கள்.