காற்று வலுத்தால் படகு காற்றை நோக்கியே திரும்புகிறது. பாய்மரத்தை முன்னால் நகர்த்தலாமா?

உங்களுடையது நடுப்பலகையும் (படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை) மேலே மடக்கக்கூடிய சுக்கானும் கொண்ட சிறிய படகு என்றே எடுத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு நகர்த்த வேண்டாம். நான் நகர்த்தி அவதிப்பட்டவன்.

என் படகும் காற்று சற்று ஏறியதும் முகப்பைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொள்ளும். அரை மணி நேரம் சுக்கான் பிடியை இழுத்துப் பிடித்தால் முழங்கை வரை மரத்துப்போகும். பாய்களின் விசை மையம், நீருக்குள் இருக்கும் பகுதியின் எதிர்ப்பு மையத்துக்கு அதிகம் பின்னால் விழுந்தால் இப்படி ஆகும் என்று படித்திருந்தேன். பாடம் சரிதான். அதை நம்பி, பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் முன்வடத்தைக் குறுக்கி அதை நிமிர்த்தினேன்; போதாதென்று அதன் அடியையும் ஒரு துளை முன்னால் தள்ளினேன். பிடியின் கனம் குறையவில்லை. மாறாக, மெல்லிய காற்றில் பிடியை விட்டால் படகு காற்றுக்கு விலகி ஓடத் தொடங்கியது. இது முன்னதைவிட ஆபத்தானது. திடீர் வீச்சில் பிடி கைநழுவினால், தானே காற்றுமுகம் திரும்பி வேகம் தணியும் இயல்பு போய்விடுகிறது.

கரையில் நின்றவர்கள் என் கையில் வலுவில்லை என்றார்கள். ஒருவர்கூடக் குனிந்து சுக்கானைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகொரு நாள் படகைக் கழுவும்போதுதான், சுக்கான் அலகைக் கீழே இழுத்து நிறுத்தும் கயிறு, அதைக் கவ்விப் பிடிக்க வேண்டிய, பல் தேய்ந்த பற்றுக்கட்டையில் மெல்ல வழுக்குவதைக் கண்டேன். ஓட்டத்தில் அலகு ஒரு சாண் பின்னால் எழும்பியிருக்கிறது. சுக்கான் திரும்பும் அச்சுக்குப் பின்னால் அலகு நீண்டுவிட்டால், சிறு திருப்பத்துக்கும் நீர் பெரும் பலத்தோடு பிடியைத் தள்ளும்.

ஆகவே முதலில் பிடியின் கோணத்தைப் பாருங்கள். நேராக ஓடும்போது பிடி ஏறத்தாழ நடுவிலேயே இருந்தும் கனமாக இருந்தால், குறை சுக்கானில் இருக்கவே வாய்ப்பு அதிகம். காற்று வரும் பக்கம் வெகுவாக இழுத்து வைக்க வேண்டியிருந்தால்தான் உண்மையான சமநிலைக் குறை. எதிர்க்காற்றில் ஏறும்போது அந்தக் கோணம் 3 முதல் 5 பாகை வரை இருப்பது நல்லதே. நிலைத்த சுக்கானுள்ள பெரிய படகுகளுக்கு என் கதை பொருந்தாது என்று சிலர் திருத்த வருவார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கேள்வி அவற்றைப் பற்றியதல்ல.

கோணம் மிகுந்திருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது படகின் சாய்வு. படகு சாயச் சாயப் பாயின் விசை வெளியே தள்ளிப்போய் முகப்பைக் காற்றுக்குத் திருப்புகிறது. உடலை வெளியே சாய்த்துப் படகை மட்டமாக்கினாலே பாதி தீரும். பெரிய பாயைத் தட்டையாக இழுத்துக் கட்டுங்கள், அதைப் படகுக்குள் இழுத்து வைக்கும் கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள், காற்று மிகுந்தால் பாயைச் சுருக்குங்கள். பாய் பழையதாகித் தொய்ந்திருந்தால் அதன் வயிறு பின்னால் நகர்ந்திருக்கும். பாய்மரத்தை எவ்வளவு நகர்த்தினாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நடுப்பலகை பின்னோக்கி மடங்கும் வகையானால், சிறிது உயர்த்திப் பாருங்கள்; எதிர்ப்பு மையம் பின்னால் போகும்.

என் பாய்மரம் பழைய துளைக்கே திரும்பிவிட்டது. கழற்றிப் போட்ட பற்றுக்கட்டை இன்னும் என் மேசையில் கிடக்கிறது.