பூனைக்கு மீன்குழம்புச் சோறு வேண்டாம்

குழம்புச் சோற்றை இன்னைக்கே நிறுத்துங்க. பூனைக்கு மீன் ஆகும், குழம்பு ஆகாது.

மீன்குழம்புச் சோறு தின்ற உங்க பூனைக்கு ரெண்டு நாளா வாந்தி, சுருண்டே கிடக்குன்னு எழுதியிருக்கீங்க. எனக்குச் சந்தேகம் உள்ளி, அதாவது வெங்காயம் மேலதான். நம்ம களியக்காவிளைப் பக்கம் சாளை (மத்தி மீன்) குழம்புக்குத் தேங்காயோட சின்ன உள்ளியும் பூடும் சேர்த்துத்தானே அரைப்போம்? ரெண்டுமே பூனையோட இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைச்சாலும் அந்த விஷம் போகாது.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. வெளுத்திருந்தாலோ, மூத்திரம் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்துல போனாலோ, விடியட்டும்னு இருக்காம கால்நடை மருத்துவர்கிட்ட ஓடுங்க. வாந்தி இன்னைக்கும் நிக்கலைன்னா ஈறு எப்படியிருந்தாலும் காட்டணும். இரத்தம் குறையறது சில நாள் கழிச்சுத்தான் தெரியும், அதனால தினமும் பாருங்க.

தேறினப்புறம் சாளையை உப்பில்லாம வேகவைச்சு, முள்ளெடுத்துக் கொஞ்சமா கொடுக்கலாம். பாரசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க, பூனைக்கு உயிரே போயிடும்.