புரூனோ கோழையா, வெகுளியா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஆங்கிலப் பாடத்தில் ஜான் பாயன் எழுதிய ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்’ நாவல் இருக்கிறது. நாஜி முகாம் ஒன்றின் தலைவருடைய மகன் புரூனோவுக்கும், வேலிக்கு அப்பால் முகாமில் அடைபட்டிருக்கும் யூதச் சிறுவன் ஷ்முவேலுக்கும் இடையிலான நட்புதான் கதை. “புரூனோ கோழையா, வெகுளியா?” என்று 800 சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையைக் கோழை என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. எப்படி அணுகுவது?

பதில்: அவளுக்கு மனம் வராதது நல்ல அறிகுறி. ஆனால் “பாவம், சின்னப் பையன்” என்பதையே வாதமாக வைத்தால் கட்டுரை இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிடும்.

முதலில் இரண்டு சொற்களையும் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெகுளித்தனம் தெரியாமையிலிருந்து வருவது. கோழைத்தனத்துக்கோ தெரிந்திருக்க வேண்டும். ஆபத்து இன்னதென்று தெரிந்து, செய்ய வேண்டியதும் தெரிந்து, பயத்தில் பின்வாங்குவதுதான் அது. ஆகவே எந்தக் காட்சியை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நிமிடத்தில் புரூனோவுக்கு என்ன தெரியும்?

கட்டுரையின் உயிர் 15ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அப்பாவின் பிறந்தநாள் விருந்துக்காகச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைக்க, விரல் மெலிந்த ஷ்முவேலை முகாமிலிருந்து வீட்டுச் சமையலறைக்குக் கொண்டு வருகிறார்கள். பசியில் இருப்பவனுக்குப் புரூனோ கோழித் துண்டுகளைக் கொடுக்கிறான். அந்த நேரம் பார்த்து, அப்பாவின் கீழ் வேலை பார்க்கும் நாஜி அதிகாரி லெப்டினன்ட் கோட்லர் உள்ளே வருகிறான். புரூனோ தன் நண்பன், அவன்தான் கொடுத்தான் என்று ஷ்முவேல் சொல்கிறான். கோட்லர் கேட்டதும் புரூனோ மறுக்கிறான்: பேசியதில்லை, பார்த்ததில்லை, தெரியாது. ஒரே மூச்சில் மூன்று மறுப்பு. பைபிள் படித்தவர்களுக்கு இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுரு நினைவுக்கு வருவார்.

இது வெகுளித்தனமா? இல்லை. இரண்டு அத்தியாயம் முன்னால் போய்ப் பாருங்கள். 13ஆம் அத்தியாயத்தில் இரவுச் சாப்பாட்டின்போது, பரிமாறும் யூதக் கைதி பாவெல் கைதவறி ஒயினைக் கோட்லர் மேல் கொட்டிவிடுகிறார். அடுத்து நடந்ததை நாவல் விவரிக்கவில்லை. யாரும், அப்பா உட்பட, தடுக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. இனி வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று அன்றிரவு புரூனோ முடிவெடுக்கிறான். சமையலறையில் அவன் வாயிலிருந்து வந்த பொய் இந்த அறிவிலிருந்து பிறந்தது. கோட்லர் என்ன செய்வான் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

7ஆம் அத்தியாயத்தையும் விட வேண்டாம். ஊஞ்சலிலிருந்து விழுந்த புரூனோவின் காயத்துக்குக் கட்டுப்போட்டவர் பாவெல். கமாண்டன்ட் (முகாம் தலைவரான அப்பா) கேட்டால் தானே காயத்தைச் சுத்தம் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள் அம்மா. உண்மையைச் சொன்னால் ஆபத்து என்ற பாடம் அந்த வீட்டுப் பெரியவர்களிடமே கற்றது.

ஆகவே உங்கள் மகள் இப்படி எழுதலாம்: மறுத்தது கோழைத்தனமான செயல், அதற்காகப் புரூனோவைக் கோழை என்று முத்திரை குத்த வேண்டியதில்லை. அவன் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கிறான். தெரியாமல் செய்திருந்தால் வெட்கம் எங்கிருந்து வரும்? அவனே தன்னை வெகுளி என்று தப்பவிடவில்லை.

பல கட்டுரைகள் ஷ்முவேலை மறந்துவிடுகின்றன. பொய்க்கு விலை கொடுத்தவன் அவன். கிட்டத்தட்ட ஒரு வாரம் கழித்து, முகமெல்லாம் காயத்தோடு வேலிக்கு வருகிறான். மன்னிக்கிறான். வேலியின் அடிப்பக்கத்தைத் தூக்கிக் கையை நீட்டுகிறான். இருவரும் முதல்முறையாகத் தொட்டுக்கொள்வது அப்போதுதான். இதற்கு ஒரு முழுப் பத்தி வேண்டும்.

முடிவுக் காட்சிக்கும் அதே அளவுகோல்தான். ஷ்முவேலின் அப்பாவைத் தேட, கோடுபோட்ட உடை மாட்டிக்கொண்டு புரூனோ வேலிக்கு அடியில் நுழைகிறான். இதை ‘பிராயச்சித்தம்’, ‘வீரம்’ என்று எழுதத் தோன்றும். உள்ளே என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரியாதே! தெரியாத ஆபத்தில் காலை வைப்பதை அன்பு என்று சொல்லலாம், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என்று சொல்லலாம்; வீரம் என்று சொல்ல முடியாது. நாவலில் அவனுடைய வெகுளித்தனம் முழுமையாக இருக்கும் இடம் இதுதான், அதுவே அவன் உயிரையும் எடுக்கிறது.

கடைசியாக, இந்த வெகுளித்தனம் நம்பக்கூடியதா என்ற கேள்வியையும் எழுப்ப வேண்டும். புரூனோ பிறந்தது 1934 ஏப்ரலில். ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஆணை 1941 செப்டம்பரில் வந்தது. அப்போது அவன் பெர்லினில் ஏழு வயதுப் பையன். பள்ளிப் பாடங்களிலேயே யூத வெறுப்பு ஊறியிருந்த காலம் அது. ஹிட்லரின் பட்டமான ‘ஃபியூரர்’ என்பதை ‘ஃபியூரி’ என்றும், முகாம் இருந்த ‘அவுஷ்விட்ஸ்’ என்ற இடத்தை ‘அவுட்-வித்’ என்றும் அவன் பிழையாகக் கேட்பதும் ஆங்கிலத்தில் மட்டுமே எடுபடும் சொல் விளையாட்டு; ஜெர்மன் பேசும் பையனுக்கு அப்படிக் கேட்காது. அதாவது இந்த அறியாமை ஆசிரியர் கட்டிய உத்தி.

ஷ்முவேல் பக்கத்து உண்மை இன்னும் கொடியது. அவுஷ்விட்ஸுக்கு ஏறத்தாழ 2,32,000 குழந்தைகளும் சிறாரும் கொண்டுவரப்பட்டார்கள். யூதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வந்திறங்கியதுமே நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலியில் மின்சாரம் ஓடியது, காவல் இருந்தது. மாதக்கணக்கில் அதன் அருகே உட்கார்ந்து பேசுவது நடக்காத காரியம். யூத இன அழிப்பைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று அவுஷ்விட்ஸ் நினைவு அருங்காட்சியகம் 2020 ஜனவரியில் சொன்னது. நாவலைப் பாத்திரப் படைப்புக்காகப் படிக்கலாம். வரலாற்றுச் சான்றாக அதை மேற்கோள் காட்டவே கூடாது.

அளவு: முன்னுரை 80 சொல், சமையலறையும் அதன் காரணங்களும் 330, ஷ்முவேல் 120, முடிவுக் காட்சி 120, வரலாறு 100, முடிவுரை 50. மேற்கோள் இரண்டு மூன்று போதும், ஒவ்வொன்றும் ஒரு வரிக்குள் இருக்கட்டும். 2008இல் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுத வேண்டாம். அதில் சமையலறையில் கொடுப்பது கேக், நாவலில் கோழி. திருத்துகிறவர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.