எரிந்த பேட்டரியைக் கம்பெனியிடம் கொடுக்கலாமா?

கேள்வி: கணவர் பெயரில் வாங்கிய மின்சார ஸ்கூட்டரை நான்தான் ஓட்டுகிறேன். வராந்தாவில் சார்ஜ் ஏறும்போது தீப்பிடித்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கப் போன எனக்குக் கையில் தீக்காயம். பக்கத்தில் இருந்த வாஷிங் மெஷினும் எரிந்துபோனது. ஷோரூமில் "கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார்கள். கம்பெனியோ, "பேட்டரி வேறு ஆள் தயாரித்தது, நீங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போட்டிருக்கிறீர்கள், வண்டியை ஆய்வுக்குக் கொடுங்கள், புது பேட்டரி தருகிறோம்" என்கிறது. நஷ்டஈடு கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் வண்டியை இன்னும் கொடுக்கவில்லை என்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இந்த மாதிரி வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆய்வுக்கு என்று எடுத்துப் போவார்கள். சில வாரம் கழித்து "தயாரிப்பில் குறை இல்லை" என்று ஒரு வரிக் கடிதம் வரும். பேட்டரி எங்கே என்று கேட்டால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்பார்கள். அப்புறம் நுகர்வோர் ஆணையத்தில் எதைக் காட்டுவீர்கள்? ஆய்வு செய்ய வேண்டுமென்றால் அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரட்டும், உங்கள் கண்முன்னே பார்க்கட்டும், நீங்கள் வீடியோ எடுங்கள். பேட்டரியின் சீரியல் நம்பர், சேசிஸ் நம்பர், உருகிய பிளக், அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் படம் எடுத்து, பொருளையும் பத்திரப்படுத்துங்கள். எரிந்த லித்தியம் பேட்டரி மறுபடி தீப்பிடிக்கக் கூடியது. வீட்டுக்குள் வைக்காமல் வெளியே திறந்த இடத்தில் தள்ளி வையுங்கள். தீயணைப்புத் துறை வந்திருந்தால் அவர்கள் அறிக்கை, காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது, மருத்துவமனையின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பி மூன்றையும் இப்போதே வாங்குங்கள்.

புது பேட்டரியோடு ஒரு தாளும் வரும். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிவதில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1986 நுகர்வோர் சட்டத்தில், காயத்துக்கு இழப்பீடு என்றால் எதிர்த்தரப்பின் கவனக்குறைவைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருந்தது. 2019 சட்டம் அதை மாற்றியது. 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இப்போது பொருளில் குறை இருந்தது, அதனால் பாதிப்பு வந்தது என்று காட்டினால் போதும். தயாரிப்பு, வடிவமைப்பு இரண்டிலும் உள்ள குறை மட்டுமல்ல, போதுமான எச்சரிக்கை தராததும் 84-வது பிரிவில் வரும். "பேட்டரி வேறு ஆள் தயாரித்தது" என்பது செல்லாது: உதிரிபாகங்களைக் கோர்த்து விற்பவரும், அடுத்தவர் செய்ததில் தன் பெயரை ஒட்டுபவரும் சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர்தான். வண்டி கணவர் பெயரில் இருப்பதும் தடையல்ல. வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. இருவரும் சேர்ந்தே மனுச் செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறார்கள். 87-வது பிரிவின் முதல் உட்பிரிவு, பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் வழக்குத் தொடர முடியாது என்கிறது. யார் மீது? விற்பனையாளர் மீது. அந்த உட்பிரிவில் உற்பத்தியாளர் என்ற பேச்சே இல்லை. ஆனால் கம்பெனியின் பதில் நோட்டீஸில் முதலில் வருவது அதுதான். தீக்குக் காரணம் எங்கள் பேட்டரி அல்ல, உங்கள் பாக்ஸ்தான் என்று அவர்கள் வாதாடலாம், அது வேறு. அதற்குத்தான் பாக்ஸைத் தூக்கிப் போடாதீர்கள் என்றேன். தீ பேட்டரியில் தொடங்கியிருந்து, பாக்ஸ் பெரிதாகச் சேதமில்லாமல் இருந்தால், அதுவே உங்களுக்குச் சாட்சி. கையேட்டையும் புரட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் கூடாது என்று எங்கும் இல்லையென்றால் அது அவர்கள் தரத் தவறிய எச்சரிக்கை. மற்ற விதிவிலக்குகளில், எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை தர வேண்டியதில்லை என்பதை மட்டும் அவர்கள் சொல்லிப் பார்க்கலாம்; மீதி உங்களுக்குப் பொருந்தாது, விடுங்கள்.

மனுவில் பலர் செய்யும் பிழை ஒன்று. குறையுள்ள பொருளால் வந்த பாதிப்புக்கான இந்தப் பொறுப்பின் கீழ் கையின் காயம், மன உளைச்சல், வாஷிங் மெஷின் எல்லாம் வரும். ஸ்கூட்டரின் விலை வராது. அதைக் குறையுள்ள பொருளுக்கான சாதாரணப் புகாராக அதே மனுவில் தனியே கேளுங்கள். ஷோரூமையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் விஷயம் வெளியே தெரிந்ததும், லெட்டர்பேடோடு "நுகர்வோர் அமைப்பு" என்று ஒருவர் வருவார். ஆணையத்தில் ஆள் இருக்கிறது, வரும் தொகையில் பங்கு கொடுத்தால் போதும் என்பார். உங்களிடம் மூலப் பில்லை வாங்கிக்கொண்டு கம்பெனியோடு தனியாகப் பேசி முடித்துக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். வக்கீலே பங்கு கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. ஸ்கூட்டருக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே, வக்கீல் இல்லாமலும், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். இதில் தரகருக்கு என்ன வேலை?

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காதீர்கள். பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும், ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் அழகாகச் சொல்கிறது. நடப்பதோ வாய்தா மேல் வாய்தா. அதைவிட எரிச்சல், பேட்டரியின் சூடு, மின்னழுத்தம் எல்லாம் பதிவாகும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) தரவு கம்பெனி கையில்; நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த புதிய விதிப்படி, நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தைக் கம்பெனி மறைத்தால் பொருளில் குறை இருந்ததாகவே அனுமானிக்கலாம். நம் சட்டத்தில் அது இல்லை. அது வரும்வரை, அந்தத் தரவைத் தரும்படி முதல் நோட்டீஸிலேயே கேளுங்கள். தராவிட்டால் 38-வது பிரிவின்படி தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி ஆணையத்தில் மனுப் போடுங்கள்.

தீப்பிடித்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கம்பெனி "மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று மெயில் அனுப்பிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு தள்ளிப்போகாது.